அடுப்பு மூட்டும் முன்: வாசகர் கேள்வி – பதில்

(தீயணைப்பு வண்டியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் கட்டுரையாளர் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பகுதி. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை பண்டிகையையும் விடுமுறைப் பயணத்தையும் பற்றியவை.)

கேள்வி: மகன் மெல்பர்னுக்கு வெளியே, டேண்டினோங் மலைப்பக்கம் எமரல்டு என்ற ஊரில் வீடு வாங்கியிருக்கிறான். பெரிய தோட்டம், சுற்றிலும் உயரமான மரங்கள். வரும் பொங்கலுக்கு நாங்கள் அங்கே இருப்போம். சிங்கப்பூரில் இத்தனை காலம் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் கேஸ் அடுப்பில்தான் பொங்கல் வைத்தேன். அங்கேயாவது மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, மண்பானையில் பொங்க வேண்டும் என்று ஆசை. மகனோ, "அதெல்லாம் முடியாதும்மா, சட்டம் இருக்கு" என்கிறான். சொந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு பானைப் பொங்கலுக்குக் கூடவா சட்டம், ஐயா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: அம்மா, உங்கள் ஆசையில் ஒரு குறையும் இல்லை. விறகுப் புகை ஏறிய பொங்கலின் மணம் கேஸ் அடுப்பில் வராது. ஆனால் உங்கள் மகன் சொல்வது சரி. அந்த ஊரில் குடியிருக்கிறவர், அந்த ஊரின் கோடையைப் பார்த்தவர் என்ற முறையில் சொல்கிறார். அவர் பேச்சைக் கேளுங்கள்.

விக்டோரியா மாநிலத்தில் ஜனவரி நடுக்கோடை. தை முதல் நாள் அவர்களுடைய காட்டுத்தீப் பருவத்தின் நட்டநடுவில் வருகிறது. புல்லெல்லாம் காய்ந்து வைக்கோலாகக் கிடக்கும். நீங்கள் சொல்கிற அந்த உயரமான மரங்கள் பெரும்பாலும் யூகலிப்டஸாக இருக்கும். அதன் இலையில் எண்ணெய் இருக்கிறது. சில வகைகளுக்குப் பட்டை நார் நாராக உரிந்து தொங்கும். அந்தப் பட்டையில் தீ பிடித்தால், காற்று அதைப் பிய்த்து எடுத்து, எரிய எரியவே தூக்கிக்கொண்டு போய் வேறெங்கோ போடும். அங்கே இன்னொரு தீ தொடங்கும். 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் வெப்பம் 46.4 டிகிரிக்குப் போனது. அன்று மாநிலமெங்கும் மூண்ட தீயில் 173 பேர் மாண்டார்கள், 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அந்த நாளில் தீக்கங்குகள் 30 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழுந்து பற்றியிருக்கின்றன. சிங்கப்பூரில் சாங்கியில் பறக்கும் பொறி உங்கள் ஜூரோங் வெஸ்டில் போய் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்தத் தூரம்.

எமரல்டுக்குப் பக்கத்து ஊர் காக்கட்டூ. 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன் என்று அவர்கள் சொல்லும் நாளில், அந்தச் சின்ன ஊரில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே ராத்திரியில் எரிந்தன. விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா இரண்டிலும் சேர்த்து அன்று 75 உயிர் போனது. உங்கள் மகன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் வயதானவர்களில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் இருப்பார்கள். நீங்கள் தோட்டத்தில் விறகு மூட்டினால் அவர்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வையின் அர்த்தம் இதுதான்.

மலைச்சரிவு என்பதும் சேர்ந்துகொள்கிறது. தீ இறக்கத்தைவிட ஏற்றத்தில் வேகமாகப் போகும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அப்புறம் காற்று. அங்கே கடுங்கோடை நாளில் உள்நாட்டுப் பாலையிலிருந்து சூடான வடகாற்று அடிக்கும். மாலையில் சட்டென்று தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும். நமக்குக் கேட்க இதமாக இருக்கிறது. தீயணைப்பாளர்கள் பயப்படுவதே அந்தத் திருப்பத்துக்குத்தான். அதுவரை நீளவாக்கில் ஓடிக்கொண்டிருந்த தீயின் விலாப்புறம் முழுக்க, காற்று திரும்பிய அந்த நிமிடமே புதிய முகமாக மாறி முன்னேறும்.

சட்டம் இரண்டு படியாக இருக்கிறது. முதலாவது, தீ அபாயக் காலம். சிஎஃப்ஏ எனப்படும் ஊரகத் தீயணைப்பு ஆணையம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இதைத் தனித்தனியாக அறிவிக்கும். இந்தக் காலத்தில் குப்பை, சருகு கொளுத்தவே கூடாது. சமையலுக்கு மட்டும் நிபந்தனையோடு விறகுத் தீ மூட்டலாம். முறையாகக் கட்டிய அடுப்பு அல்லது குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழக் குழி வேண்டும். சுற்றிலும் 3 மீட்டருக்கு எரியக்கூடிய பொருள் இருக்கக் கூடாது. காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கடைசிவரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். நீர்க்குழாய் அல்லது 10 லிட்டர் தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது ரொம்ப மெல்லிய காற்று. இலை அசைந்துகொண்டே இருந்தால் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இதற்கு மேல் உள்ளூர் மன்றம் தன் பங்குக்கு விதி வைத்திருக்கும். அதை மகனிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது படி, முழுத் தீத் தடை நாள். வானிலையைப் பார்த்து, பெரும்பாலும் முதல் நாளே அறிவிப்பார்கள். நள்ளிரவு தொடங்கி அடுத்த நள்ளிரவு வரை. அன்று விறகு, கரி எதுவும் திறந்தவெளியில் எரியக் கூடாது. மூன்று கல் அடுப்புக்கு அன்றைக்கு இடமே இல்லை. மீறினால் பெரிய அபராதம், சிறைத் தண்டனைகூட உண்டு. கேஸ் அடுப்பையோ மின் அடுப்பையோ வீட்டை ஒட்டி வெளியே வைத்துச் சமைக்கலாம். அதற்கும் அந்த 3 மீட்டர், 10 லிட்டர், பெரியவர் ஒருவர் என்ற நிபந்தனைகள் உண்டு.

ஆகவே என் யோசனை இது. விறகை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நிபந்தனைக்குள் வந்தாலும், அந்த மலையில் ஜனவரியில் விறகு மூட்டாதீர்கள் என்றுதான் என் மகளாக இருந்தால் சொல்வேன். வீட்டுப் பின்வாசலில் சிமெண்டுத் தரை இருக்கும். அங்கே கேஸ் அடுப்பை வையுங்கள். கோலம் போடுங்கள், கரும்பைச் சாத்துங்கள், சூரியனைப் பார்த்துப் பொங்குங்கள். வெட்டவெளியும் சூரியனும் சிங்கப்பூரில் உங்களுக்குக் கிடைக்காதவை, அங்கே இரண்டும் இருக்கின்றன. அங்கத்திய தீ எச்சரிக்கைகளைக் காட்டும் விக்எமர்ஜென்சி என்ற செயலியை இங்கிருந்தே கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். மெல்பர்ன் சுற்றுவட்டாரம் மத்திய வட்டாரத்தில் வரும், அதைப் பாருங்கள். அவர்களுடைய அபாய அளவில் மிதம், உயர்வு, கடுமை, பேரழிவு என்று நான்கு படி. கடைசிப் படி அறிவித்தால் பொங்கலையே நகரத்துக்குள் உறவினர் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலையிலேயே மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். புகையைப் பார்த்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருக்கக் கூடாது.

போகியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பழைய பாய், துணி கொளுத்துவது அங்கே அந்தப் பருவத்தில் அறவே கூடாது. இங்கேயும் குப்பையைத் திறந்தவெளியில் எரிக்க அனுமதி இல்லை.

கேள்வி: பேரன் தீபாவளிக்குப் பட்டாசு கேட்கிறான். நான் சிறுவனாக இருந்தபோது சிராங்கூன் சாலைப் பக்கம் விடிய விடிய வெடிப்போம். இப்போது கம்பி மத்தாப்போடு முடிந்துவிடுகிறது. ஜோகூர் பாருவில் கேட்டால் கிடைக்கிறது. லட்சுமி வெடி போல ஒரு சின்னப் பொட்டலம், இரண்டு புஸ்வாணம், அவ்வளவுதான். காரில் பத்திரமாகக் கொண்டுவந்து, பிளாக்குக்குக் கீழே திறந்த புல்வெளியில் வெடித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நம் பண்டிகை சத்தமில்லாமல் போய்விட்டதே என்று வருத்தமாக இருக்கிறது.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கொண்டுவர வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சோதனைச் சாவடியைத் தாண்டும்போதே அது வெடிபொருள் கடத்தல் ஆகிவிடுகிறது. பொட்டலம் சின்னதா பெரியதா என்று சட்டம் பார்ப்பதில்லை.

2018 தீபாவளி விடியலில் தேக்காவில், குளோசெஸ்டர் சாலையில் வாணவேடிக்கை விட்டதற்காக இருவரைப் போலீசார் கைது செய்தார்கள். பிறகு நீதிமன்றம்வரை போனது. அன்றைய சட்டப்படி வெடித்தவருக்கு 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. சில நிமிட வெளிச்சத்துக்கு இது.

இந்தத் தடை எப்படி வந்தது என்று பேரனுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அந்தக் காலத்து ஆள். 1970 சீனப் புத்தாண்டின்போது பட்டாசினால் 6 பேர் இறந்தார்கள், பல பேர் காயப்பட்டார்கள். அதன் பிறகு முதலில் பாதித் தடைதான் போட்டார்கள். குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட இடம் என்று. அது நிற்கவில்லை. 1972இல் வெடிப்பதைத் தடுக்கப் போன, ஆயுதம் இல்லாத இரண்டு போலீஸ்காரர்களை ஒரு கும்பல் அடித்துப் போட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் முழுத் தடை. மறு ஆண்டு, 1973இல், பட்டாசு போன வெறுமையை நிரப்பத்தான் சீனப் புத்தாண்டையொட்டி நடக்கும் சிங்கே ஊர்வலம் தொடங்கியது.

அதற்கும் முன்னால் போனால், 1961 மே 25. புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைக் கம்பத்தில் (கிராமத்தில்) பிடித்த தீ ஒரே நாளில் ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அத்தாப்பு ஓலைக் கூரையில் ஒரு பொறி விழுந்தால் தெருவே போகும் என்ற பயத்தோடு வாழ்ந்த ஊர் இது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மூத்தவர்கள் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். பட்டாசுச் சட்டத்தை நான் பார்ப்பது அந்தக் கண்ணோடுதான்.

"மரீனா பேயில் மட்டும் விடுகிறார்களே" என்று பேரன் கேட்பான். புத்தாண்டு இரவில் அங்கே வெடிப்பவர்கள் அதற்கென்று உரிமம் பெற்றவர்கள். தண்ணீரில் மிதவை மேல் நின்று, கூட்டத்தை எட்டத்தில் நிறுத்தி விடுகிறார்கள். பிளாக்குக்குக் கீழே உங்களுக்கும் மூன்றாம் மாடிக் கொடியில் காயும் துணிக்கும் நடுவே அந்தத் தூரம் இல்லை.

நம் பண்டிகை போய்விட்டது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஐயா. தீபாவளிக்குச் சில நாள் முன்னால் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பெருமாள் கோயிலிலிருந்து ராத்திரியில் நடந்து வரும் பக்தர்கள் பூக்குழி இறங்கி, பாற்குழியில் கால் வைக்கிறார்கள். நகரத்தின் நடுவில், வானளாவிய கட்டடங்களுக்குக் கீழே, ஒரு குழி நிறையக் கனல். வருடா வருடம் நடக்கிறது. குழியின் எல்லை எங்கே, யார் எப்போது இறங்குவது, யார் எங்கே நிற்பது எல்லாம் முறைப்படி. இந்த ஊரில் நம் சமூகம் கையாளும் மிகப் பெரிய நெருப்பு அதுதான். ஒழுங்காகவே கையாளுகிறோம்.

கம்பி மத்தாப்புக்குத் தடை இல்லை. கேம்பல் லேன் தீபாவளிச் சந்தையிலேயே வாங்கலாம். அதிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். எரிந்து முடிந்த கம்பி பார்க்கக் கறுப்பாக, அணைந்ததுபோல இருக்கும். ஆனால் எரியும்போது அதன் சூடு 1,000 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூடு சட்டென்று இறங்காது. பிள்ளைகள் அதைப் புல்லில் எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்க ஓடுவார்கள். பின்னால் வரும் சின்னப் பிள்ளை வெறுங்காலோடு மிதிக்கும். ஒரு வாளியில் தண்ணீர் வையுங்கள். ஒவ்வொரு கம்பியும் அதற்குள் போக வேண்டும். சுர்ரென்று சத்தம் கேட்டால் பேரனுக்கும் குஷி.

கேள்வி: ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பெக்யூ குழி எல்லாம் முன்பதிவு ஆகிவிட்டது. கையோடு கொண்டுபோகும் சின்னக் கரி அடுப்பைப் புல்தரையில் வைத்துச் சுடலாமா?
– வாசகி, பிடோக்

பதில்: கூடாது, அம்மா. பூங்காக்களில் தீ மூட்ட அனுமதி அதற்கென்று கட்டிய குழிகளில் மட்டும்தான். கூடாரம் போட அனுமதி வாங்கியிருந்தாலும் இதே கதைதான். வேறொரு நாள் பதிவு செய்துகொள்ளுங்கள், அல்லது வீட்டில் சமைத்து எடுத்துப்போங்கள்.

குழி கிடைத்து, சுட்டு முடித்த பிறகு ஒன்று செய்யுங்கள். கரியின் மேல் மண்ணை மூடிவிட்டுப் போகாதீர்கள். மண்ணுக்கடியில் கனல் மணிக்கணக்காக உயிரோடு இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் ஒரு குழந்தை அதில் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சூடான கரியைக் குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். தொட்டித் தீ என்று எங்களுக்கு வரும் அழைப்புகள் இப்படித்தான் பிறக்கின்றன.

கேள்வி: ஆகஸ்டில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிறோம், ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டு. காட்டுக்குள் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கப் போகிறார்களாம். அங்கே பேத்தியின் பிறந்தநாள் வருகிறது. மருமகன் ஜூலை 4 கொண்டாட்டத்தில் மிச்சமான வாணங்களை எடுத்துவைத்திருக்கிறார். கடையில் சட்டப்படி வாங்கியவைதான். காட்டில் ஒரு மூலையில் விட்டால் தப்பா? வண்ணப் புகை வரும் குழாயும் ஒன்று இருக்கிறது, படம் எடுக்க.
– வாசகர், பொங்கோல்

பதில்: தப்பு ஐயா. பெரிய தப்பு. கடையில் விற்பது ஒரு சட்டம், எங்கே வெடிக்கலாம் என்பது வேறு சட்டம். அமெரிக்கக் கூட்டரசுக்குச் சொந்தமான தேசியக் காடுகளில் வருடம் முழுவதும் எந்த வாணமும் விடக் கூடாது. போர்ட்லண்டு நகரத்துக்குள்ளேயே பொதுமக்கள் வாணம் விடுவதை 2022இல் தடை செய்துவிட்டார்கள். மருமகன் அந்த மிச்சத்தை நகரத்திலும் விட முடியாது, காட்டிலும் விட முடியாது.

நீங்கள் போகிற ஊருக்குப் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். போர்ட்லண்டுக்குக் கிழக்கே கொலம்பியா ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அருவிகளும் நடைபாதைகளுமாக, உங்கள் மகள் கட்டாயம் கூட்டிப்போவார். 2017 செப்டம்பர் 2, விடுமுறை வார இறுதி. ஈகிள் கிரீக் என்ற ஓடைப் பாதையில் நண்பர்களோடு வந்த 15 வயதுப் பையன் ஒருவன் வாணம் ஒன்றைக் கொளுத்திப் பள்ளத்தாக்கில் எறிந்தான். கோடை முழுக்க மழை இல்லை, தீத் தடை அமலில் இருந்தது. அந்த ஒரு எறிதலில் பிடித்த தீ 48,000 ஏக்கருக்கும் மேல் தின்றது. பாதையில் மேலே போயிருந்த ஏறத்தாழ 150 பேர் திரும்பி வர வழியில்லாமல் ராத்திரி முழுக்கக் காட்டிலேயே இருந்தார்கள். கங்குகள் கொலம்பியா ஆற்றையே தாண்டி அக்கரையில், வாஷிங்டன் மாநிலத்தில் போய்ப் பிடித்தன. ஆறு அங்கே சாதாரண அகலம் இல்லை, போனால் பார்ப்பீர்கள். தீ முழுதாக அடங்க மாதங்கள் ஆயின. அந்தப் பையனுக்கு நீதிமன்றம் 1,920 மணி நேரச் சமூக சேவையும், 36 மில்லியன் டாலருக்கு மேல் இழப்பீடும் விதித்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையனை நினைத்தும் எனக்கு மனம் கனக்கும். அவன் வயதில் நாம் எல்லோரும் எதையாவது கொளுத்தி எறிந்திருக்கிறோம். ஈரமான ஊரில் எறிந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வண்ணப் புகைக் குழாயைப் பற்றியும் கேட்டீர்கள். கலிபோர்னியாவில் 2020 செப்டம்பர் 5 அன்று ஒரு தம்பதி, பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று புகையில் காட்டப் பூங்காவில் காய்ந்த புல் நடுவே அப்படி ஒன்றைக் கொளுத்தினார்கள். புல் பிடித்தது. கையில் இருந்த தண்ணீர் பாட்டில்களால் அணைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பாளர் ஒருவர் திரும்பி வரவில்லை. அந்தத் தகப்பன் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். புகைதானே என்கிறோம். அந்தப் புகை வருவதே குழாய்க்குள் எரிகிற நெருப்பிலிருந்துதான்.

கூடாரம் போடும் இடத்தில் இரவில் விறகுத் தீ மூட்டலாமா என்பதும் நாளைப் பொறுத்தது. அங்கே கட்டுப்பாடுகளைப் படிப்படியாக இறுக்குவார்கள். பெரும்பாலும் முதல் கட்டத்தில், அதற்கென்று அமைத்த முகாமில் இரும்பு வளையத்துக்குள் மட்டும் மூட்டலாம். இரண்டாம் கட்டத்தில் அதுவும் போய்விடும். திருகினால் அணைகிற கேஸ் அடுப்புதான் மிஞ்சும். வானிலை நிலையம் செங்கொடி எச்சரிக்கை விட்டிருந்தால் அது காற்றும் வறட்சியும் சேர்ந்த நாள் என்று பொருள். முகாமுக்குள் நுழையும்போதே பலகையில் எழுதியிருப்பார்கள். கிளம்பும் முன் அந்தக் காட்டின் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடச் சொல்லுங்கள், பதில் சொல்வார்கள்.

பேத்திக்கு மின்கலத்தில் எரியும் சரவிளக்குகளைத் தேக்காவில் வாங்கிப் பெட்டியில் போடுங்கள். கம்பி மத்தாப்பைப் பெட்டியில் வைக்காதீர்கள், விமானத்தில் அதற்கு அனுமதி இல்லை.

கேள்வி: கார்த்திகைக்கு வீட்டு வாசலில், நடைவழி நெடுக அகல்விளக்கு வைப்பது வழக்கம். பக்கத்து வீட்டில் சைக்கிள், செருப்பு அலமாரி எல்லாம் வெளியே இருக்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, செங்காங்

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. ஒரு வீட்டில் தீ பிடித்தால் அந்த மாடியில் எல்லோரும் அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும், நாங்களும் அதே வழியாகத்தான் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். விளக்கைச் சுவரோரம் உங்கள் வாசலுக்கு நேராக மட்டும் வையுங்கள். அடியில் ஒரு தட்டு இருக்கட்டும். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வேண்டாம். எண்ணெய் குறைவாக ஊற்றினால் நீங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குள் தானே அணைந்துவிடும். பக்கத்து வீட்டாரிடம் சைக்கிளைப் பற்றி முகத்தைச் சுளிக்காமல் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், அன்றைக்குப் பொரியும் அப்பமும் கொண்டுபோய்க் கொடுக்கும்போதே. நகர் மன்றத்துக்கு எழுதுவது அப்புறம்.

கேள்வி: நான் தேசிய சேவையில் இருக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் காலியான நிலத்தில் புல் எரிந்து கறுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். தினமும் மழை பெய்கிற சிங்கப்பூரில் காட்டுத்தீ வருமா? கண்ணில் பட்டால் நானே மிதித்து அணைக்கலாமா?
– வாசகர், சுவா சூ காங்

பதில்: தம்பி, வரும். ஆஸ்திரேலியா, அமெரிக்கா அளவுக்கு வராது. ஆனால் வடகிழக்குப் பருவமழையின் பின்பாதி, பிப்ரவரியும் மார்ச் தொடக்கமும், இங்கே வறண்ட காலம். 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 1869இலிருந்து பதிவான மாதங்களிலேயே அந்தப் பிப்ரவரிதான் மிக வறண்டது. அந்த மாதிரி நாட்களில் எங்கள் நிலையத்தில் மணி அடித்தாலே புல் தீயாகத்தான் இருக்கும்.

நீ பார்த்தது லாலாங் புல்லாக இருக்கும். இடுப்பளவு வளரும், மேலே பச்சை, அடியில் பழைய தாள் எல்லாம் காய்ந்து மெத்தை மாதிரி கிடக்கும். யாரோ எறிந்த சிகரெட் துண்டு அந்த மெத்தைக்குள் விழுந்தால் போதும். முதலில் சுடர் வராது. மெல்லிய நீலப் புகை தரையோடு தவழும். காற்று ஒருமுறை அடித்ததும் சடசடவென்று எழும். அணைத்த பிறகும் வேலை முடியாது. கறுத்த தரையில் ஆங்காங்கே வெள்ளைச் சாம்பல் திட்டு தெரியும், அதற்குக் கீழே வேர்க்கட்டை கனிந்துகொண்டிருக்கும். புறங்கையைத் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டே நடப்போம். சூடு தட்டினால் நின்று, மண்வெட்டியால் கொத்தி, தண்ணீர் ஊற்றுவோம். சில சமயம் விடியும்வரை. அங்கே பாதியில் விட்டுப் போனால் மறுநாள் மதியம் அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். உள்ளங்கையால் தொட்டுப் பார்க்காதே.

நீயே மிதித்து அணைக்கப் பார்க்காதே. காலணிக்கு அடியில் உருகும் ரப்பரை யாரும் எதிர்பார்ப்பதில்லை. புல் தீயில் மூச்சுத் திணற வைப்பது புகை. காற்று திரும்பினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. முதலில் காற்றுக்கு எதிர்ப்பக்கம், தீ உன்னை விட்டு விலகிப் போகிற பக்கம் போய் நில். 995ஐ அழை. காலி நிலத்துக்கு முகவரி இருக்காது, "சுவா சூ காங் பக்கம் ஒரு புல்வெளி" என்றால் நாங்கள் தேடி அலைவோம். சாலையோர விளக்குக் கம்பத்தில் எண் இருக்கும், சாலைப் பெயரோடு அதைச் சொல். மைரெஸ்பாண்டர் செயலி இருந்தால் அதிலிருந்தும் தெரிவிக்கலாம், நீ நிற்கும் இடம் அதில் தானே போய்விடும். வண்டி வரும்வரை பாதுகாப்பான தூரத்தில் சாலையோரம் நின்று கையைக் காட்டு. வேலிக்குள் போகக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்குள் பார்த்து வைத்திருந்தால் அதையும் சொல்.